பெனில்டா கேட்கும் முதல் கேள்வி

"அழிஞ்சதுக்கு அப்புறம் இதுல வேற படம் எடுத்தீங்களா?"

கேமரா கார்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே பெனில்டா கேட்டுவிடுவாள். எல்லோரும் இல்லை என்பார்கள். "பாதிரியார் கேட்டாலும் இதையேதான் சொல்வீங்க," என்றபடி கார்டைக் கணினியில் செருகுவாள்.

மணிலாவின் கியாப்போவில், தேவாலயத்துக்குப் பின்சந்தில், மூன்றாம் மாடியில் ஒரு மேசை போடுமளவு கடை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மதியம் கருவாடும் பூண்டுச் சோறும். பக்கத்துக் கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதை அவள் பொருட்படுத்துவதில்லை. மென்பொருள் தேடி முடிக்க மூன்று மணி நேரமாகும். அழிந்த படம் எப்படித் திரும்ப வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "ஜீப்னி வண்டியில சீட்ட விட்டு எந்திரிச்ச மாதிரி. வேற ஆள் உக்காரலைன்னா உங்க இடம் இருக்கும். உக்காந்துட்டா என்னால எழுப்ப முடியாது."

தவறு யாருடையதோ அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கல்யாணப் படங்களைத் தொலைத்த ஒருவன் அழுதபோதுகூடச் சொன்னாள். பொய் சொல்லி அனுப்பினால் அடுத்த கார்டையும் இப்படித்தான் கெடுப்பார்கள் என்பது அவள் கட்சி.

போன வியாழக்கிழமை அர்னல் வந்தான். கப்பலில் வேலை. கூடவே மனைவி ரோசெண்டா. ஒன்பது வயது மகள் டெங்குவில் போய்விட்டாள். கப்பல் கரை சேரும்வரை பதினோரு நாள் உடலைப் பதப்படுத்தி வீட்டில் வைத்திருந்தார்கள். அவன் மகளைப் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஏப்ரலில் தேவாலயத்தில் அவள் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய படங்கள் இந்தக் கார்டில்தான் இருந்தன. ஒன்றையும் அவன் பார்த்ததில்லை. எப்படி அழிந்தது என்று கேட்டதற்கு, தானாகப் போய்விட்டது என்றாள் ரோசெண்டா.

அதே கார்டில் பிறகு இழவு வீட்டில் எடுத்த சவப்பெட்டிப் படங்கள் முந்நூற்று நாற்பது, ஒன்றுகூடச் சிதையவில்லை. நன்மைப் படங்களில் மீண்டவை பதினொன்று. எல்லாவற்றிலும் வெள்ளைப் பூக்கிரீடம், நெற்றி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"கீழ எங்கக்கா?" என்றான் அர்னல்.

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. "அழிச்சதோட விட்டிருந்தா முழுசா எடுத்திருப்பேன் தம்பி. அதுக்கப்புறம் இழவு வீட்டுல கேமராவத் தூக்கினாங்க பாருங்க, அவங்கதான் உங்க பொண்ணு முகத்த மூடினது."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சவப்பெட்டிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கினான். மாமா இருந்தார். அத்தைகள், பாட்டனார், டீச்சர், பக்கத்து வீட்டார் எல்லோரும் பெட்டியருகே நின்றார்கள். ஒருவேளை அர்னல் வந்து சேரமாட்டானோ என்று, அவனுக்காக யாரோ நாள் தவறாமல் எடுத்து வைத்தவை. எவரையும் விடாமல் எடுத்திருந்த அந்த ஆள் மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

அவனுக்கு முன்பே பெனில்டாவுக்குப் புரிந்துவிட்டது. ரோசெண்டா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோஸ்," என்று திரும்பாமலே கூப்பிட்டான் அர்னல். "நீ எதுலயும் இல்லையே?"

மேசைக்கடியில் பெனில்டா காலை நீட்டி, கட்டைவிரலால் சுவிட்சைத் தட்டினாள். திரை கறுத்தது.

"கரண்டு போயிருச்சு தம்பி," என்றாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.