முப்பத்து மூன்றாவது கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கொல்லிமலையில் ரோட்டோரமெல்லாம் பலாப்பழம் குவிந்து கிடந்த ஓர் ஆனி மாதத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது, எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு. மகன் படிப்பை முடித்த வருடம் நான் சேர்ந்தேன். வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் பரீட்சைக்குப் பயந்துகொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் குடும்ப ராசி.

என் சிறப்புப் பாடம் உடல்நல உளவியல். டாக்டர் கொடுத்த மாத்திரையை மனிதர்கள் ஏன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பது ஆய்வு. அதற்காக முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று வைத்திருந்தேன். ‘மருந்து உட்கொள்ளலில் தங்களுக்கு உள்ள ஊக்கத்தின் அளவு யாது?’ என்பது பதினோராவது கேள்வி. அதைத் தமிழில் எழுதியவள் நானே. தமிழ் என்னை மன்னிக்கட்டும்.

மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எனக்குச் சிலருடைய பெயர்களைக் கொடுத்திருந்தார். முதல் பெயருக்குக் கீழே பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தது. “அந்தக்கா சொன்ன பேச்சே கேக்காதுங்க மேடம். கால் வீங்கி, மூச்சு வாங்கி ரெண்டு தடவை இங்க வந்து படுத்தாச்சு. மூணாவது தடவை வந்து சேருமான்னு தெரியலீங்க. நீங்களாவது பேசிப் பாருங்க” என்றார். ஓர் உயிரை என் படிவம் காப்பாற்றப் போகிறது என்ற நினைப்பில் எனக்கு அந்த வாரம் முழுவதும் நடையே மாறிப்போயிருந்தது.

எனக்கும் ரத்தக் கொதிப்பு உண்டு. தினமும் காலையில் ஒரு நீர் மாத்திரை. உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும். வாரத்தில் இரண்டு நாள் அதை மறப்பது என் வழக்கம். பிறருக்கு உபதேசம் செய்யப் போகும் நாளில் அப்படி இருக்கலாமா? பயபக்தியோடு மாத்திரையைப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வயிறு சும்மா இருந்தது. அதை என் மன உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

சோளக்காட்டில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு வளைவு. அங்கே சாக்கை விரித்து, பலாவும் மலை வாழையும் மிளகும் பரப்பி உட்கார்ந்திருந்தார், நர்ஸ் கோடு போட்ட பெயருக்குரிய அந்தப் பெண். என் வயதுதான் இருக்கும். கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. பக்கத்தில் அன்னாசி விற்கும் இன்னொரு பெண்.

“மாத்திரை போட மறந்துவிடுகிறீர்களா?” என்று ஆரம்பித்தேன்.

“மறக்கறதெல்லாம் இல்லீங்க.”

“அப்புறம் ஏன் போடுவதில்லை?”

“பலா முடியட்டும், போட்டுக்கறனுங்க.”

பலாவுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க என் படிவத்தில் இடமில்லை. ‘ஊக்கம் குறைவு’ என்று குறித்துக்கொண்டேன். பிறகு இதயம் ஒரு மோட்டார் மாதிரி என்று விளக்கத் தொடங்கினேன்.

“மோட்டார் எங்க ஊட்லயும் இருக்குதுங்க” என்றார் அவர். “அடிக்கடி அதுவுந்தான் நின்னு போகுது” என்றார் அன்னாசிக்காரி. இருவரும் சிரித்தார்கள்.

பதினேழாவது கேள்விக்கு வரும்போது என் மன உறுதி கரையத் தொடங்கியது. இடது காலில் நின்றேன். வலது காலுக்கு மாறினேன். சுற்றிலும் பார்த்தேன். இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் பள்ளம். செல்பி எடுக்க இறங்கிய ஒரு வேன் கூட்டம் வேறு.

அவர் என் கால்களைப் பார்த்தார்.

“ஏனுங்க, காலைல மாத்திரை போட்டீங்களா?”

“ம்.”

“நீர் மாத்திரையா?”

தலையாட்டினேன். அதுவரை மேடமாக இருந்தவள் அந்த நொடியில் பதவி இறங்கினேன்.

“வா கண்ணு. மேல எங்க நங்கையா ஊடு இருக்குது.” நங்கையா என்றால் அண்ணி. கடையை அன்னாசிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆம்பளைங்களுக்கு மலை பூராவும் கக்கூசுதான். நமக்குத்தான் ஏத்தம் ஏறோணும்” என்று அன்னாசிக்காரி பின்னாலிருந்து சொன்னார்.

மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே செங்குத்தான ஒற்றையடிப் பாதை. பத்தடி ஏறியதும் அவருக்கு மூச்சு இரைத்தது, நின்றார். என்னாலோ நிற்க முடியவில்லை. ஒருத்தியால் நடக்க முடியாது, ஒருத்தியால் நிற்க முடியாது. “நீங்கள் இருங்கள், நான் போய்க்கொள்கிறேன்” என்றேன். “நாயி இருக்குதுங் கண்ணு, தெரியாத ஆள விடாது” என்றார், இரண்டு மூச்சுகளுக்கு நடுவே. மறுபடியும் நடந்தார். மறுபடியும் நின்றார். என் கையை மட்டும் விடவில்லை.

நான் வெளியே வந்தபோது அவர் அந்த வீட்டு வாசற்படியில் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். படிவத்தைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

“வெடியால கடை போட்டா மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் ஊட்டுக்குப் போவனுங்க. எனக்கும் அந்த நீர் மாத்திரைதான், போட்டா நாலு தடவை இந்த ஏத்தம் ஏறோணும். என்னால ஆகுமா? அதான் பலாக் காலத்துல மாத்திரையும் இல்ல, தண்ணியும் இல்ல.”

“நர்ஸிடம் சொல்லவில்லையா?”

“போட்டியா போடலியான்னுதான் அந்தப் புள்ள கேக்கும். இதப் போயி எப்படிக் கண்ணு சொல்றது?”

அவருடைய சம்மதத்தோடு அந்தப் படியிலிருந்தே நர்ஸுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“மேடம்,” என்றார் நர்ஸ், குரல் இறங்கி, “ஊருக்குள்ள பீல்டு போற நாள்ல நானும் தண்ணி குடிக்கறதில்லீங்க.”

டாக்டரைக் கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். கடை முடிந்து வீட்டுக்குப் போனதும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போடலாம். தண்ணீரையும் அடியோடு நிறுத்தக் கூடாது. போனை வாங்கி அதைக் கேட்டுக்கொண்ட அந்தப் பெண், “இவ்வளவுதானா?” என்று என்னைப் பார்த்தார்.

ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது அவருடைய கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. பலாவில் பெரிய சுளைகளாகப் பார்த்து எடுத்து என் கையில் திணித்தார். “இன்னிக்கு மாத்திரை போட்டியா கண்ணு?” என்று அவர்தான் கேட்டார். இல்லை என்றேன். அன்னாசிக்காரி விழுந்து விழுந்து சிரித்தார்.

என் படிவத்தில் முப்பத்து மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: ‘மாத்திரை போட்ட பிறகு போக உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா?’ வழிகாட்டிப் பேராசிரியர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் கேள்விக்குறி போட்டார். நான் அதை நீக்கவில்லை. சுமாரான மதிப்பெண்ணோடு தேறினேன்.

இன்றும் யாரையாவது ‘சொன்ன பேச்சு கேட்காதவர்’ என்று யாராவது சொல்லும்போது, ஏறக் கூடாத ஏற்றத்தில் எனக்காக ஏறி, நின்று நின்று மூச்சு வாங்கியபோதும் என் கையை விடாத அந்தக் கையின் சூடு என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.