கக்கூஸ் சாவி

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்யாணமாகி சிவகிரியில் குடியிருந்தேன். காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அந்த நாட்களில் எனக்குள் ஓயாமல் இருந்த கவலையை வெளியே சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. ஒன்றுக்குப் போக இடம் இல்லை, அவ்வளவுதான்.

அலுவலகம் ஒரு பழைய வாடகை வீட்டில் நடந்தது. பின்கட்டில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கக்கூஸ் இருந்தது. அதில் எப்போதும் பூட்டு தொங்கும். சாவி அதிகாரியின் மேசை இழுப்பறையில் இருக்கும். மற்ற ஆண்கள் பின்சுவரைத் தாண்டி உடைமர முள்காட்டுக்குள் போய்விட்டு வருவார்கள். பெண்கள் என்று நானும், என்னைவிட மூத்த ஒரு குமாஸ்தாவும்தான். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு தெரு தள்ளி அக்காவுக்குப் பழக்கமான ஒரு வீடு இருந்தது. மதியம் சாப்பிட்டதும் அங்கே போவோம். அந்த வீட்டுக்காரி முதலில் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். பிறகு சிரிக்காமல் திறந்தாள். ஒருநாள் தட்டித் தட்டிப் பார்த்தோம், திறக்கவே இல்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். சித்திரை வெயிலிலும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. அடிவயிற்றில் கடுப்பு வந்தது, பிறகு குளிர்காய்ச்சல். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, நான் உண்டாகியிருப்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"தண்ணி குடிக்கியா இல்லையாம்மா?"

"ஆபீஸ்ல... போக இடமில்ல டாக்டர்."

"இப்பிடி அடக்கி அடக்கி வச்சா வயித்துல இருக்கதுக்கும் ஆகாது, பாத்துக்கோ."

சந்தோஷப்பட வேண்டிய சேதி. எனக்கோ பயம்தான் முதலில் வந்தது. சொம்பு நிறையக் குடித்தேன். குடித்த ஒவ்வொரு வாய்க்கும் பயந்தேன்.

அந்த வாரம் அலுவலக வாசலில் ஊழியர் சங்கத்துக் கூட்டம் நடந்தது. ஒருவர், மனிதனாகப் பிறந்த எவனுக்கும் பிறப்போடு வந்த உரிமைகள் உண்டு, அவற்றை எந்த அரசும் கொடுக்கவும் இல்லை, பறிக்கவும் முடியாது என்று முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கால்களை இறுக்கிக்கொண்டு நின்றேன். கூட்டம் முடிந்ததும் அக்கா அவரிடம் போய் எங்கள் விஷயத்தைச் சொன்னார். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் கோரிக்கையில போட முடியுமா தாயி? சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

"அப்ப நாமளே போய்க் கேப்போம், வாடி" என்றார் அக்கா.

அதிகாரி வெளியூர்க்காரர். கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. அது அதிகாரிக்கென்று ஒதுக்கியது என்றார். அக்கா நகரவில்லை. "இந்தப் புள்ள மாசமா இருக்கு சார்" என்றார். கடைசியில் அதிகாரி சாவியைத் தன் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்ட ஒத்துக்கொண்டார். கிடைத்தது என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் மனு கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் போய் அந்தச் சாவியை எடுக்க வேண்டும். பாதி நாள் அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிடுவேன்.

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு ஒருநாள் அதிகாரி கூட்டத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். மதியம் போய்ப் பார்த்தால் அவர் அறை பூட்டிக் கிடந்தது.

"ரூம் சாவிய ஐயா கையோட கொண்டு போயிட்டாவ" என்றார் பியூன் அண்ணாச்சி.

பின்கட்டுக்குப் போனேன். இன்னும் ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்று தெரிந்தது. கிணற்றடியில் கிடந்த கல்லை எடுத்துப் பூட்டின் மேல் போட்டேன். பூட்டு உடையவில்லை. கொண்டி மரத்தோடு பிய்ந்து வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா என்னையும் கதவையும் பார்த்தார்.

"உள்ள போ. நான் இங்கன நிக்கேன்" என்று, சாத்த முடியாத அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அன்று வீட்டில் என் கணவர், "யாரு பாத்தா? சொல்லாம இருந்திரு" என்றார். மறுநாள் பஸ்ஸில் வழிநெடுக, வேலை போய்விட்டால் என்ன செய்வது என்பதே நினைப்பு.

அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு யார் உடைத்தது என்று கேட்டார். பியூன் அண்ணாச்சி மேல் பழி விழுந்துவிடுமோ என்ற பயம்தான் என்னைப் பேச வைத்தது.

"நான்தான் சார்."

"கவர்மெண்ட் சொத்தும்மா அது!"

"வாடகை வீடுல்லா சார்" என்றார் அக்கா. "வீட்டுச் சொந்தக்காரருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அதிகாரி மேசையிலிருந்த கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "போங்க, பாத்துக்கிறேன்" என்றார்.

அந்தப் 'பாத்துக்கிறேன்' பிரசவம் வரை என்னைத் தூங்கவிடவில்லை. சரிசெய்கிறேன் என்கிறாரா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்கிறாரா? ஒவ்வொரு தபாலிலும் எனக்கு மெமோ வந்திருக்கும் என்று நடுங்கினேன். வரவில்லை. பெண் குழந்தை, குறையில்லாமல் பிறந்தாள். விடுப்பு முடிந்து திரும்பியபோது அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். கக்கூஸ் கதவில் பூட்டு இல்லை, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. பியூன் அண்ணாச்சி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து அடித்தாராம். என்னோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் வேலை நிரந்தரமாகி வெகு நாள் கழித்துத்தான் எனக்கு ஆனது. அதற்கு அந்தப் பூட்டுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் பனவடலிசத்திரத்திலிருந்து சான்றிதழுக்காக வந்த பெண் ஒருத்தி என் மேசைக்கருகே குனிந்து, "தாயி, ஒதுங்க எங்கனயாவது எடம் இருக்கா?" என்று கேட்டாள். பின்கட்டைக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து, "அது ஸ்டாஃபுக்குல்லா?" என்றார். அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள். அவள் திரும்பி வரும்வரை என் விரல்கள் தட்டச்சில் ஓடவில்லை. புதிய அதிகாரியின் அறைக்கதவு திறந்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.