தவிட்டுக்கு விற்ற வீட்டுப் பெயர்

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தவழும் முன்பே போய்விட்டன. இரண்டுக்கும் சாமி பெயர்தான் வைத்தார்களாம். அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னைத் தருமபுரியில் ஒரு முஸ்லிம் தையல்காரர் வீட்டுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. விற்ற பிள்ளை நம்முடையது இல்லை, எமன் தேடி வரமாட்டான் என்று நம்பிக்கை. தையல்காரரின் மனைவி தங்கள் வழக்கப்படி எனக்கு ஒரு பெயர் வைத்து, வளர்க்கச் சொல்லி அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அரபியில் அதற்கு ‘உயிரோடு இருப்பவள்’ என்று அர்த்தமாம். இண்டூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அத்தையோ, "அரபியுமில்ல ஒண்ணுமில்ல, எங்க பாஷைதான். ஆயுசைத்தான் அப்படிச் சொல்றாங்க" என்று சாதிப்பார். கோயில் பூசாரி வாயில் அது நுழையவே நுழையாது. அர்ச்சனையில் மென்று விழுங்கிவிடுவார். எனக்குக் கொள்ளைப் பெருமை. வகுப்பில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு புடிச்சிருக்குதுங்க. பேரை மட்டும் மாத்திருங்க. பத்திரிகையில போட்டா சொந்தக்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பா தலையாட்டிவிட்டார். அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

மறுநாள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினாள். "அவங்க வூட்டுப் பேரு, கேக்காம மாத்தக் கூடாது" என்றாள். தையல்காரரின் மனைவி வேண்டாமென்று தடுப்பார் என நம்பித்தான் போனாள். அவரோ என் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தார்.

"மாத்திக்குங்க அக்கா. புள்ள நல்லா இருக்கணும்னுதான வச்சேன்? அது நல்லா இருந்தா போதும்."

பெயர் மாறியது, கல்யாணமும் நடந்தது. புகுந்த வீட்டில் புதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பேன். அம்மா மட்டும் கடைசிவரை மசியவில்லை. அவள் குரலுக்கு இன்றும் ஏங்குகிறேன். என்னைப் பார்க்க வந்தால் வாசலிலேயே நின்று, பழைய பெயரைத் தெருவே கேட்கும்படி கூப்பிடுவாள். "உள்ள வாங்க சம்மந்தி" என்று மாமியார் எத்தனை கூப்பிட்டாலும் அசையமாட்டாள். அடுப்படியிலிருந்து நான் "என்னம்மா?" என்று குரல் கொடுத்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள்.