காலர் மிஷினில் மிச்சமிருந்த நேரம்

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. மற்றவர்கள் மேல் இருக்கும் கோபம் தனி. அதையும் சொல்கிறேன்.

மலைமேல் நாகலூர் போகும் வழியில், முன்பு மிளகு மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு கிடங்கில் எங்கள் தையல் யூனிட் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைச் சட்டை தைக்கிறோம். ஒருத்தியே முழுச் சட்டையையும் தைப்பதில்லை. தோள்பட்டை சேர்க்க ஒருத்தி, காலர் செய்ய ஒருத்தி, அதைக் கழுத்தில் ஏற்ற ஒருத்தி, கை வைக்க ஒருத்தி என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடைசி மிஷினில் பட்டன் தைத்துவிட்டால் சட்டை முடிந்தது. நான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர். பெயர்தான் பெரிது. பண்டல் தூக்குவதும் நூல் மாற்றுவதும் திட்டு வாங்குவதும்தான் வேலை.

காலர் ஏற்றும் மிஷினில் செம்மநத்தத்து அக்கா இருந்தார். எங்களைப் போலவே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. அதன்பிறகு மேட்டில் ஏறிக் கிளையை வளைத்துப் பறிக்க முடியவில்லை. எஸ்டேட்டில் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று சொல்லியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் இல்லை, படிக்கிற மகள் ஒருத்தி. இந்த மிஷினும் போனால் அவருக்கு மலையில் வேறு வேலை கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

லைனிலேயே கஷ்டமான வேலை காலர் ஏற்றுவதுதான். கழுத்து வளைவில் துணியைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க நல்ல மணிக்கட்டு வேண்டும். அப்படியானால் அவரை ஏன் அங்கே உட்காரவைத்தார்கள்? அவர் சேர்ந்த அன்றைக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். கையைக் காட்டு என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. மாட்டை வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.

நாங்கள் சமாளித்தோம். எஸ்டேட்டில் ஒவ்வொருத்திக்கும் ஒரு செடி வரிசை உண்டு. அதை நிரை என்போம். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரி தன் பழத்தோடு அவள் பழத்தையும் நாலு கை பறித்து அவள் பையில் போட்டுவிட்டுப் போவாள். கணக்கெழுதும் ரைட்டர் வருகிறார் என்று தெரிந்தால் இன்னும் வேகமாகப் போடுவோம். அவர் வந்து பார்க்கும்போது எல்லோரும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். யாரும் சொல்லித்தந்த சட்டம் இல்லை இது. அதே கைகள்தான் மிஷினுக்கும் வந்தன. காலர் செய்கிறவள் காலரின் நடுவில் அடையாளப் புள்ளி வைத்து, குண்டூசியும் குத்திக் கொடுப்பாள். கை வைக்கிறவள் அக்காவின் பீஸை இழுத்து நூலை வெட்டிக்கொள்வாள். அக்கா தைத்தால் மட்டும் போதும்.

போன வருஷம் சேலத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தான். சின்னப் பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான். லைன் பேலன்சிங் என்றான். ஒரு மிஷினில் வேலை குவிகிறது, இன்னொன்றில் ஆள் சும்மா இருக்கிறாள், வேலையைச் சமமாகப் பிரித்துவிட்டால் சட்டை தடையில்லாமல் ஓடும் என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மிஷினுக்குப் பின்னாலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்று நேரம் பார்த்தான்.

அவன் அக்காவின் பின்னால் வந்து நின்றதும் லைன் முழுக்க ஒரு பரபரப்பு. ரைட்டர் வந்துவிட்டார்! இந்தப் பக்கம் ஒருத்தி புள்ளி வைத்தாள், அந்தப் பக்கம் ஒருத்தி நூல் வெட்டினாள், சூப்பர்வைசரான நானே குனிந்து நின்று சட்டைகளைப் புரட்டிப் புரட்டி அவர் கைக்குக் கொடுத்தேன். அவன் கண் போனிலேயே இருந்தது. ஊசி இறங்கியது, ஏறியது, எழுதிக்கொண்டான். ஒரு மிஷினில் எட்டுக் கை ஓடியதை அவன் பார்க்கவே இல்லை. நாங்கள் பெரிய காரியம் செய்துவிட்டதாக ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. “காலர் ஸ்டேஷன்ல நேரம் மிச்சம் இருக்குக்கா” என்றான். அதனால் கழுத்தில் லேபிள் தைப்பதும் அக்காவுக்கே. பண்டல் வைக்க வசதியாக ஒவ்வொரு மிஷினுக்கும் நடுவில் ஒரு மேஜை. அந்த மேஜை வந்ததும் பக்கத்துக் கை எட்டாது. “சரிதானுங்களே?” என்று மேனேஜர் பேனாவை நீட்டினார். சரியில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அக்காவின் கை வெளியே தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

நாலே நாளில் காலர் மிஷின் முன்னால் சட்டை மலையாகக் குவிந்தது. அக்காவுக்கு அடுத்து இருந்தவர்கள் பீஸ் இல்லாமல் கொட்டாவி விட்டார்கள். அக்கா சோற்றுக்கும் எழவில்லை, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தார். ஐந்தாம் நாள் மேனேஜர் வந்து எல்லோர் முன்னாலும் கத்தினார். “நேரம் மிச்சம் இருந்தும் தைக்க மாட்டேங்குறயே, சோம்பேறித்தனந்தானே? நாளையிலிருந்து வர வேண்டாம்!”

சோம்பேறி! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லித் தொலைத்தேன், எல்லாவற்றையும். அக்காவின் கையைச் சொன்னேன், எங்கள் கைகளையும் சொன்னேன். மேனேஜர் என்னையும் சேர்த்துத் திட்டினார். குவியலைப் பார்க்க மலையேறி வந்திருந்த இன்ஜினியர் அங்கேயே நின்றிருந்தான். தலையில் கைவைத்துக்கொண்டு, “அன்னிக்கே சொல்லியிருந்தா காலர் வேலையை ரெண்டு பேருக்குப் பிரிச்சிருப்பேனே அக்கா! அதுக்குத்தானே வந்தேன்?” என்றான்.

அவனை அறையலாம் போல இருந்தது. நீ ஒரு தடவை போனை விட்டு நிமிர்ந்து பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டுவிட்டேனே தவிர, அவன் சொன்னது உள்ளே போய்க் குத்தியது.

அன்று சாயங்காலம் செம்மநத்தத்துக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றபடியே பேசினார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

“ஏன் கண்ணு, நான் கேட்டனா? உங்கள ஆரு கை குடுக்கச் சொன்னது?”

“உங்க வேலை போயிரக்கூடாதுன்னுதானுங்க அக்கா...”

“இப்ப இருக்குதா?” என்றார். “எம்பட கை கோணக் கைன்னு எனக்குத் தெரியாதா? ஒளிச்சு வெக்கச் சொன்னனா? எல்லாருமாச் சேந்து என்னய நல்லாருக்கறவளாட்டக் காட்டிப்போட்டு, கடைசில சோம்பேறின்னு பேரு வாங்கிக் குடுத்தீங்க. நொம்ப சந்தோசம், போ.”

திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“அந்தத் தம்பி நாளைக்கும் இருப்பானா?”

“இருப்பானுங்க.”

“நான் வர்றேன். எம் பின்னாடி நின்னு பாக்கட்டும். ஒருத்தியும் எம் பீஸத் தொடக்கூடாது.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வர வேண்டாம் என்று சொன்ன மேனேஜரைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் இன்ஜினியர், “மறுபடி அளக்கணும் சார், என் தாள் தப்பு” என்றான். அதை மட்டும் அவன் செய்த நல்லதாகக் கணக்கில் வைக்கிறேன்.

அக்கா புள்ளி வைத்தார். குண்டூசி இரண்டு தடவை கீழே விழுந்தது. காலர் செய்கிறவள் எழப்போனாள், நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன். வளைவு வந்தபோது மணிக்கட்டு திரும்பவில்லை. அக்கா மிஷினை நிறுத்தி, இடக்கையால் துணியைத் திருப்பி, மறுபடி மிதித்தார். லைனில் வேறு எந்த மிஷினும் ஓடவில்லை. எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரம் என் கை சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தைத்து முடித்து, நூலைத் தானே வெட்டி, சட்டையை எடுத்து மேஜைமேல் போட்டார். பிறகு திரும்பி, இன்ஜினியரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“இத எழுதச் சொல்லு கண்ணு. இதுக்குக் கீழ போடு உன்ற கையெழுத்த.”