மலையிலிருந்து திரும்பிய வழி

"சாமியைக் கும்பிட்டுக்கொள் அம்மா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி, ஐசியூ வாசல். நான் அந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். காலையில் மலைமேல் பெருமாளைப் பார்த்தோம். மாலையில் என் கணவர் தலை உடைந்து உள்ளே கிடக்கிறார். என் சேலையெல்லாம் ரத்தம், பையில் லட்டு. இனி யாரைப் போய்க் கும்பிடுவது?

என் பெயர் தனலட்சுமி. நகரிக்குப் பக்கத்துக் கிராமம். கணவர் முனிரத்னம் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரே மகள் யாமினி. நம் பஜனைக் குழுவில் என் வாய் எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கோவிந்தா போடுவதிலும் நான்தான் முதல், சண்டை போடுவதிலும் நான்தான் முதல். அதனால் நடந்ததை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஆடியில் யாமினிக்கு டெங்கு வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தால் மலையில் மொட்டை போடுகிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்துவிட்டாள். ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பைக்கில் கிளம்பினோம்.

கிளம்புவதற்கு முன் அவர் வண்டியைப் பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு டயரையும் அழுத்தி, காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். வண்டியைத் தள்ளி முன் பிரேக்கைப் பிடித்தார், பின் பிரேக்கை மிதித்தார். செயின் தொய்ந்திருக்கிறதா என்று விரலால் தூக்கினார். என்னைப் பின்னால் நிற்கவைத்து, லைட் எரிகிறதா, இண்டிகேட்டர் எரிகிறதா என்று கேட்டார். கல்யாணப் பெண்ணைக்கூட இப்படிச் சோடிக்க மாட்டார்கள் என்று கிண்டல் செய்தேன். மலைப்பாதை ஏற வேண்டும், விளையாட்டா என்றார். ஹெல்மெட் வாரை இறுக்கி மாட்டிக்கொண்டார்.

அந்த ஒழுங்கெல்லாம் போகும்போது மட்டும்தான். நம் பக்கத்து ஜனங்களே அப்படித்தான். போகும்போது பயம், பக்தி, விரதம், எல்லாம் இருக்கும். தரிசனம் முடிந்துவிட்டால் பெருமாளே வண்டி ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

அவருக்கு அடர்த்தியான முடி. அந்த முடிக்குத் தக்கபடி வாங்கிய ஹெல்மெட் மொட்டைத் தலையில் நிற்கவில்லை. கண்வரைக்கும் இறங்கி ஆடியது. அதோடு தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தது. சந்தனத் தலையோடு ஊருக்குள் நுழைந்தால்தானே நாலு பேர் மலைக்குப் போய்வந்தாயா என்று கேட்பார்கள்! மலை இறங்கும்வரை பெயருக்கு மாட்டியிருந்தார். திருப்பதியைத் தாண்டியதும் கழற்றி என் மடியில் வைத்துவிட்டார்.

இறங்கும்போதே, மிதித்தால் பின் பிரேக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே போகிறது என்று சொன்னார். மெக்கானிக் யாரிடமாவது காட்டிவிட்டுப் போகலாம் என்றேன். அப்போது அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"சாமிய பாத்துட்டு வந்துக்கினு கீறோம். இன்னா ஆயிடப் போவுது? ஊட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

வடமாலப்பேட்டை தாண்டி ஒரு டிராக்டர் குறுக்கே திரும்பியது. அவர் மிதித்தார். வண்டி நிற்கவில்லை. நான் ஓரத்துப் புல்லில் போய் விழுந்தேன், முழங்கை மட்டும் சிராய்த்தது. அவர் தார் ரோட்டில் விழுந்தார். ஹெல்மெட் என் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். நர்ஸ் ஒருத்தி ஈரப் பஞ்சால் அந்தச் சந்தனத்தைத் துடைத்தாள். எந்தச் சந்தனம் கலையக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றினாரோ, அதே சந்தனம். தலை ஏற்கெனவே மழித்திருக்கிறது, நமக்கு ஒரு வேலை மிச்சம் என்று இன்னொருத்தியிடம் தெலுங்கில் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து என் தம்பி குமார் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான்.

அந்த வராண்டா ஜன்னலில் நின்றால் மலை தெரியும். நான் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மனசுக்குள் அந்தப் பெருமாளைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. உனக்கு முடியைக் கொடுக்க வந்தவனை இப்படியா அனுப்புவாய்? பிள்ளையைக் கொடுத்துவிட்டு அப்பனை எடுத்துக்கொள்வாயா? இதுதான் உன் கணக்கா?

உயிர் தங்கியது. ஆனால் கண்ணைத் திறந்தவர் என்னை யாரோ மாதிரி பார்த்தார். வலது கை தூக்க வரவில்லை. நூல் அறுந்தால் பார்க்காமலே முடிச்சுப் போடுகிற கை அது. நினைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சோறு ஊட்டினால் வாயைத் திறப்பார். குளிப்பாட்டினால் உட்காருவார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கு அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். யாமினி அவர் பக்கத்தில் போகவே பயந்தாள். தன் ஜுரத்தால்தான் நைனாவுக்கு இப்படி ஆனது என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டாள். நான் பஜனைக்கு வருவதை நிறுத்தினேன். பெருமாள் படத்துக்கு விளக்கேற்றவில்லை. புரட்டாசி சனிக்கிழமைகளில் நீங்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த ஒரு சனிக்கிழமை, திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. விளக்கேற்றினேன். அவர் நடக்க வேண்டும், தறி ஓட்ட வேண்டும், பழையபடி ஆக வேண்டும், இதெல்லாம் நான் கேட்கவில்லை. என்னை அவருக்குத் தெரிந்தால் போதும், பெருமாளே. ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. தினமும் அதையே சொன்னேன். கார்த்திகை போனது, மார்கழி போனது. ஒன்றும் நடக்கவில்லை. பழக்க தோஷத்தில் விளக்கு எரிந்ததே தவிர, எனக்கு நம்பிக்கை இருந்தது என்று சொன்னால் அது பொய்.

தை மாதம். மாத்திரை வாங்க என்னை நகரிக்குக் கூட்டிப்போகக் குமார் பைக்கில் வந்திருந்தான். அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் ஏறினேன். குமார் வண்டியைக் கிளப்பினான்.

"தனம், வாரு மாட்டல பாரு."

கட்டிலிலிருந்து அவர் குரல். குமார் வண்டியை நிறுத்திவிட்டான். இறங்கி அவரிடம் போய், நான் யாரு என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தனம். வேற யாரு? கெளம்பறதுக்கு முன்னாடி பிரேக்க மிதிச்சிப் பாக்கச் சொல்லு அவன."

அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோவிந்தா என்று கத்தினேனாம், தெருவே வந்துவிட்டது. எனக்கு நினைவில்லை. குமார் அழுதுகொண்டே பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தான்.

அன்று சாயங்காலமே அவர் மறுபடி மறந்துவிட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? கை இன்னும் வரவில்லை. இனிமேல் தறி ஓட்ட மாட்டார். பல நாள் என்னைத் தெரிவதில்லை. தெரிகிற நாளில் தனம் என்பார், யாமினியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். நான் கேட்டது ஒரு தடவை. கொடுத்தவன் அதற்கு மேலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறான். அதற்கு என் ஆயுசு முழுக்க நன்றி சொல்வேன். மறுபடியும் உங்களோடு பஜனையில் உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் பாடும்போதே அவனோடு சண்டையும் போடுகிறேன், அவன் பொறுத்துக்கொள்வான்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சின்னதாகவாவது ஒன்று கேளுங்கள். நம்பிக்கை இல்லாவிட்டாலும் கேளுங்கள், நான் அப்படித்தான் கேட்டேன்.

மலைக்கு வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. போகும்போது டயரையும் பிரேக்கையும் பார்க்கிற மாதிரி, சாமியைப் பார்த்துவிட்டு இறங்கும்போதும் பாருங்கள். பிரேக் கீழே போனால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று வராதீர்கள். மொட்டைத் தலையில் இறுக்கமாக நிற்கிற மாதிரி சின்ன அளவு ஹெல்மெட் ஒன்று வாங்கி எங்கள் வீட்டில் வைத்திருக்கிறேன். வேண்டுதலுக்குப் போகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். யாரிடமும் கொடுத்தனுப்பாமல், அதைத் திருப்பிக் கொடுக்க நீங்களே வர வேண்டும்.