வெறும் பக்கத்துக்காக ராமநாதபுரம் வரை

காலை ஆறு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் பஸ் ஏறினேன். நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். பக்கத்து இருக்கைப் பெண் ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போகிறவர். நான் எங்கே என்று கேட்டார். நான் நடத்தும் இதழை அச்சகத்திலிருந்து எடுக்கப் போகிறேன் என்றேன்.

"என்ன இதழும்மா?"

"ஃப்ரீ ஜாஸ். முன்னாடியே எழுதி வைக்காம, ராகம் தாளம் பாக்காம, வாசிக்கும்போதே பொறக்கிற இசை. அதப் பத்தி."

"பாட்டுப் புஸ்தகமா?"

"பாட்டே இல்லாத புஸ்தகம்."

"அத யாரு வாங்குவா?"

"முந்நூறு பேரு."

"பரவால்லயே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். முந்நூறு பேரும் வாங்குவதில்லை. 

மதுரையில் முந்நூறு பிரதிக்கு எவனும் மெஷினைத் தொட மாட்டேன் என்கிறான். ராமநாதபுரத்தில் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடிக்கும் முருகேசன் அண்ணன்தான் ஒத்துக்கொண்டார். இன்னொரு வசதி, திருப்பாலைக்குடி என்ற கடலோர ஊர் அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். இந்த இதழின் முக்கியமான கட்டுரையை எழுதிய காதர் பாய் அங்கே எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். வளைகுடாவில் வயரிங் வேலை பார்த்தபோது சாக்ஸபோன் கற்றவர். அங்கே கூட வேலை பார்த்த ஒரு டிரம்ஸ்காரருடன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசித்ததைப் பற்றி எழுதியிருந்தார். ஒருநாள் பாதியில் அந்த ஆள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். இவரும் நிறுத்தினார். வெகுநேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

அந்த நிறுத்தத்துக்கு நடுவில் இரண்டு பக்கம் வெறுமையாக விட வேண்டும், பக்க எண்கூடக் கூடாது என்பது காதர் பாயின் நிபந்தனை. அதுவும் தான் பார்த்த பிறகுதான் சந்தாதாரர்களுக்குப் போக வேண்டும். முன்பு ஒரு பத்திரிகை அவர் பேட்டியைப் போட்டு, பக்கத்தில் படகும் வலையும் வரைந்துவிட்டது. "நான் கடலுக்கே போனதில்ல. கரண்ட் வேல பாக்குறவன். இன்னொரு தடவ எவனாச்சும் எதையாச்சும் சேத்தா, என் எழுத்து வெளிய போகாது" என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டார்.

எட்டரை மணிக்கு இறங்கி அச்சகத்துக்கு நடந்தேன். கட்டுகள் தயாராக இருந்தன. ஒன்றை உருவி நடுப்பக்கத்தைத் திறந்தேன். இடது பக்கம் ஒரு குத்துவிளக்கு. வலது பக்கம் ஒரு குத்துவிளக்கு. சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர்.

"என்னண்ணே இது?"

"வெறுமயா கெடந்துச்சும்மா. அப்படியே விட்டா அச்சு விழலன்னு எங்களத்தான் ஏசுவாக. அதான் வெளக்குப் போட்டோம். அதுக்குக் காசு கேக்கலயே."

"வெறுமயா இருக்கணும்னு எழுதிக் குடுத்திருந்தேனே."

"எழுதத்தான் மறந்துட்டீகன்னு நெனச்சோம். நல்ல காரியத்துக்கு அடிக்கிறதுல பக்கம் காலியா இருக்கலாமா?"

காதர் பாயின் நிபந்தனையைச் சொல்லிக் கத்தினேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முருகேசன் அண்ணன் அசையவில்லை. மெஷின் ஒரு காதுகுத்துக்குக் காத்திருக்கிறது, இரண்டு விளக்கால் யாரும் சாகப் போவதில்லை, அந்தப் பாய்க்கு ஒரு பிரதியை மட்டும் சரிசெய்து காட்டலாம் என்றார். அந்தக் கடைசி யோசனையில்தான் எனக்கு அடங்காத கோபம் வந்தது. நாற்காலியை மெஷினுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இத அடிக்காம காதுகுத்து ஓடாது."

நடுத்தாளின் பின்பக்கத்தில் மட்டும்தான் எழுத்து. அதை அடித்த அச்சுப் பிளேட் பத்திரமாக இருந்தது. புதுத்தாளில் ஒருபக்கம் அடித்து, பழைய நடுத்தாளை உருவிவிட்டு இதைச் செருகினால் போதும். அண்ணன் அரைமணி நேரம் முறைத்துவிட்டு மெஷினை ஓட்டினார். மை காய்ந்ததும் நானும் அச்சகத்தில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் செல்வியும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் பின்னை நிமிர்த்தி, தாளை மாற்றி, மறுபடி அடித்தோம். என் விரல் நுனிகளில் ரத்தம் வந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

"யக்கா, வாயக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. கை தன்னால ஓடும்" என்றாள் செல்வி.

மூன்று மணிக்குத் தொண்டி பஸ். தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கோயிலுக்கு வந்தவர்கள் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. கட்டுகளுக்கும் கண்டக்டர் டிக்கெட் போட்டார். அதற்குப் பிறகு உப்பளங்கள், வெயில், திருப்பாலைக்குடி.

காதர் பாய் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டிருந்தார். அதற்காகக் காத்திருந்த பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, விளக்குத் தாள் ஒன்றையும் கொடுத்தேன். அதைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் எரியுது. எல்லாத்தையும் மாத்திட்டீங்களா?"

"எல்லாத்தையும்."

அவர் நம்பவில்லை. கட்டின் அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று என்று உருவி உருவிப் பார்த்தார்.  மாட்டேன் என்றால் முந்நூறும் குப்பைதான்.

ஸ்டூல்காரப் பெண் அவர் வைத்த ஒன்றை எடுத்துப் புரட்டினார். அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டார். "ஏன் காக்கா, நடுவுல அச்சே விழலயே. மாத்திக் கேளுங்க."

"அது அப்படித்தாம்மா."

அந்தப் பெண் ஒரு பக்கம் பின்னால் திருப்பி, வாயசைத்துப் படித்தார். மறுபடி வெறும் பக்கத்துக்கு வந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "குச்சியக் கீழ வச்சாரே, அவருக்கு என்னாச்சு?"

காதர் பாய் கையிலிருந்த பிரதியைக் கட்டின் மேல் வைத்தார். என் பக்கம் திரும்பினார். "அனுப்புங்க மேடம்" என்றார்.

ஐந்து மணி பஸ்ஸில் ராமநாதபுரம் திரும்பினேன். கட்டுகள் மடியில். மதுரையில் என் நண்பர்கள் இதையெல்லாம் போனில் போட்டுவிடு, அச்சுக்கூலி மிச்சம் என்கிறார்கள். போனில் வெறும் பக்கம் வந்தால் நெட் இல்லை என்று தள்ளிவிட்டுப் போவார்கள். அடுத்த இதழும் தாளில்தான். முருகேசன் அண்ணன் அச்சகத்தில்தான். ஆனால் அடித்து முடித்து மெஷின் நிற்கும்வரை நான் அங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை.