மாடி அறைக்கு வந்த விமானி

செங்கம் சாலையில் எங்கள் மாடி அறையை வாடகைக்கு விடுகிறோம். போன மாசியில் வந்து தங்கியவர், விடிந்ததும் மொட்டைமாடியில் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் மெல்லச் சுற்றுவார். சாமியார்கள் நிறைந்த எங்கள் ஊரில் இப்படி ஒருவரைப் பார்த்தால் வேறென்ன நினைப்போம்? எதிர்வீட்டு அக்கா பழத்தட்டோடு வந்து காலில் விழுந்துவிட்டார்.

அவர் பதறிப்போனார். "நான் சாமியில்லீங்கம்மா. ஏர் ஷோவுல விமானத்தைக் கரணம் போட வைக்கிறவன். மேல செய்யறதையெல்லாம் முதல்ல தரையில கையால செஞ்சு பார்ப்போம்."

"அப்ப ஏன் தினமும் பாதியிலயே நின்னுடறீங்க?" என்று கேட்டேன்.

"அந்தத் திருப்பத்துலதான் போன வருஷம் என் கூட்டாளி விழுந்து செத்தான். அங்க வந்தா கை திரும்ப மாட்டேங்குது. அடுத்த வாரம் ஷோ."

அக்கா தயங்கினார். "அப்ப பழத்தை எடுத்துட்டுப் போகவா?"

"வெச்சுட்டுப் போங்க, பசிக்குது" என்று சிரித்தார்.

மறுநாளும் கை அங்கேயே நின்றது. உட்கார்ந்து போன் போட்டார். "இந்தத் தடவை என்னைச் சேர்க்காதீங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல. பயமா இருக்கு."

குரல் கொஞ்சமும் தாழவில்லை. பயந்த போதெல்லாம் தலைவலி என்று சொல்லியே பழகிய நான், காப்பியோடு படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.